அப்பாவின் சேமிப்புப் பத்திரங்களைக் கணினிக் கணக்கில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 71. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருடைய கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் பெயரில் இருப்பவை இவை: 2021 டிசம்பரில் 50,000 ரூபாய்க்கும் 2023 ஜூலையில் 1 லட்சத்துக்கும் தேசிய சேமிப்புப் பத்திரம் (என்எஸ்சி). 2023 மே மாதம் 50,000 ரூபாய்க்குக் கிசான் விகாஸ் பத்திரம். 2019 செப்டம்பரில் வாங்கிய 2 லட்ச ரூபாய் ரிசர்வ் வங்கி 7.75 சதவீதப் பத்திரம், வட்டி முதிர்வில் மொத்தமாக வரும் வகை. 2021 பிப்ரவரியில் 3 லட்சத்துக்கு மாறும் வட்டிப் பத்திரம். 2020 ஆகஸ்ட்டில் 20 கிராம் தங்கப் பத்திரம். நான் என் வீட்டுக் கணக்கை க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் எழுதுகிறேன். அதிலேயே ‘அப்பா முதலீடு’ என்று ஒரு கணக்கைத் திறந்து எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். மார்ச் மாதம் வந்தால் இன்றைய மதிப்பைக் கணக்குப் போட்டு, தொகையைக் கூட்டி எழுதுகிறேன். என்எஸ்சி வட்டி 7.7 என்று இருப்பதால் இரண்டுக்கும் அதையே போட்டேன். இப்போது ‘இம்பேலன்ஸ்’ என்ற கணக்கில் பெரிய தொகை நிற்கிறது. வங்கிக்கு வந்த வட்டியும் வரித் தளம் காட்டும் வட்டியும் ஒத்துப்போகவில்லை. இந்தப் பத்திரங்களின் மதிப்பு தானாகவே ஏறும்படி மென்பொருளில் வழி இருக்கிறதா? இல்லை, நான் எழுதும் முறையே தவறா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். எழுதும் முறையில்தான் சிக்கல். அதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. மென்பொருளை மாற்றவும் வேண்டாம், க்னூகேஷ் இந்த வேலைக்கு நன்றாகவே போதும். நீங்கள் வட்டியை வட்டியாக எழுதாமல், மதிப்பு ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் ஓடுவது. ஒரு கணக்கில் 8,000 ஏறினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும். நீங்கள் சொல்லாவிட்டால், தானாகவே ‘இம்பேலன்ஸ்’ என்ற கணக்கைத் திறந்து அங்கே போட்டுவைக்கும். அந்தக் கணக்கில் இப்போது நிற்கும் தொகையில் பெரும்பகுதி அப்பாவின் வட்டி வருமானம். எந்தப் பத்திரத்தில், எந்த ஆண்டில் வந்தது என்ற விவரம் மட்டும் அதில் இல்லை.

அதற்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். அப்பாவின் பத்திரங்களை உங்கள் கோப்பில் இருந்து வெளியே எடுங்கள். அவருக்கென்று தனிக் கோப்பு திறக்க வேண்டும். ஒரே வீடுதானே, ஒரே குடும்பப் பணம்தானே என்று தோன்றும். ஆனால் வருமான வரி பான் எண்ணைப் பார்த்து வருகிறது, வாரிசுரிமை பெயரைப் பார்த்து வருகிறது. அவருடைய 3 லட்சத்தின் வட்டி உங்கள் வருமானப் பட்டியலில் ஏறி நின்றால் உங்கள் வரிக் கணக்கும் குழம்பும், அவருடையதும் குழம்பும். அப்பாவுக்குப் பிறகு உடன்பிறந்தவர்கள் கணக்கு கேட்கும் நிலை வந்தால், தனிக் கோப்பு உங்களைச் சங்கடத்தில் இருந்து காப்பாற்றும். அந்தக் கோப்பில் அவருடைய வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், பத்திரங்கள், பிடித்த வரி இவை மட்டும் இருக்கட்டும். வீட்டு மளிகைச் செலவு அங்கே வர வேண்டாம்.

மதிப்பு தானாக ஏறும் வழி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்எஸ்சி, கிசான் விகாஸ் பத்திரம், ரிசர்வ் வங்கிப் பத்திரம் மூன்றும் சந்தையில் கைமாறுபவை அல்ல. சந்தை இல்லாததால் தினவிலை என்று ஒன்றும் அவற்றுக்குக் கிடையாது, மென்பொருள் இணையத்தில் போய் எடுத்துவர எதுவும் இல்லை. சிலர் இவற்றையும் பங்கு போல ‘ஸ்டாக்’ வகைக் கணக்கில் போட்டு, ஒரு ‘யூனிட்’ விலையை ஆண்டுதோறும் ஏற்றிவிடுவார்கள். சொத்துப் பட்டியலில் அது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வருமான அறிக்கையைத் திறந்தால் வட்டி பூஜ்யம் என்று வரும். விலை ஏற்றத்தை மென்பொருள் இன்னும் கைக்கு வராத லாபமாகவே பார்க்கும். என்எஸ்சி வட்டி அப்படிப்பட்ட லாபம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்து, அசலோடு திரும்ப முதலீடு ஆகிற வருமானம் அது. ஆகவே சாதாரண ‘அசெட்’ வகைக் கணக்குதான் சரி. பத்திரத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தமாக ஒரே கணக்கு வேண்டாம்.

உங்கள் 2023 ஜூலை என்எஸ்சியை எடுத்துக்கொள்வோம். ஜூலை 10 அன்று வாங்கியதாக வைத்துக்கொள்கிறேன், பாஸ்புக்கில் இருக்கும் தேதியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வட்டி 7.7 சதவீதம், ஆண்டுக்கு ஒரு முறை அசலோடு சேரும். 2024 ஜூலை 10 தேதியிட்டு ஒரு பதிவு: என்எஸ்சி கணக்கில் 7,700 வரவு, எதிர்ப்பக்கம் ‘வருமானம் – என்எஸ்சி வட்டி’. இருப்பு 1,07,700. 2025 ஜூலை 10 அன்று 8,292.90, இருப்பு 1,15,992.90. 2026 ஜூலையில் 8,931.45. இப்படியே போய் 2028 ஜூலையில் ஏறத்தாழ 1,44,903 ரூபாயில் நிற்கும். 1,000 ரூபாய்க்கு 1,449 என்று அஞ்சலகத்தில் சொல்லும் கணக்கு இதுதான். பாஸ்புக்கில் சில்லறை கொஞ்சம் முன்பின் இருந்தால் பாஸ்புக்கையே பின்பற்றுங்கள்.

வட்டியை மார்ச் 31க்கு எழுதாமல், வாங்கிய தேதி திரும்ப வரும் நாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்எஸ்சியில் வட்டி முழு ஆண்டு நிறைந்தால்தான் அசலில் சேரும். அந்த நாள் எந்த நிதியாண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் வருமானமாகக் காட்டுவதுதான் நடைமுறை. இன்னொரு காரணமும் உண்டு. என்எஸ்சி வட்டிக்கு டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி, பிடிப்பதில்லை. பிடிக்காததால் யாரும் உங்களுக்கு நினைவுபடுத்தவும் மாட்டார்கள். ஐந்தாண்டு ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு, கடைசியில் 44,903 ரூபாயை ஒரே ஆண்டில் காட்டும்போது வரி அடுக்கே மாறிப்போகலாம். அப்பா பழைய வரி முறையில் இருந்தால், முதல் நான்கு ஆண்டு வட்டியையும் புது முதலீடாகக் காட்டிக் கழிவு கேட்கலாம். ஐந்தாம் ஆண்டு வட்டி கைக்கே வந்துவிடுவதால் அதற்குக் கழிவு கிடையாது. இந்தக் கழிவைக் கேட்காமலே விட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். ஆண்டுவாரியாக எழுதிய கணக்கு கையில் இருந்தால்தானே கேட்க முடியும்!

அடுத்து உங்கள் 7.7. என்எஸ்சி வாங்கும் அன்று என்ன வட்டியோ அதுதான் ஐந்து ஆண்டுக்கும். 2021 டிசம்பரில் வட்டி 6.8 சதவீதம். அந்த 50,000 ரூபாய் 2026 டிசம்பரில் 69,475 ரூபாய் அளவுக்குத்தான் வரும். நீங்கள் போட்ட 7.7 படி பார்த்தால் 72,450. கிட்டத்தட்ட 3,000 ரூபாய் இல்லாத பணம் உங்கள் கணக்கில் இருக்கிறது.

என்எஸ்சி வட்டியை அரசு பிறகு உயர்த்திய அறிவிப்பு அப்பாவின் இன்னொரு பத்திரத்தை வேறு விதமாகத் தொட்டிருக்கிறது. 2020 ஜூலை 1 முதல் வெளிவந்த ரிசர்வ் வங்கி மாறும் வட்டிப் பத்திரத்தின் வட்டி என்ன தெரியுமா? அப்போதைய என்எஸ்சி வட்டி, அதோடு 0.35 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரி 1லும் ஜூலை 1லும் அது திரும்ப நிர்ணயமாகும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் புது வட்டி பொருந்தும். அப்பா வாங்கியபோது 7.15. 2023 ஜனவரியில் என்எஸ்சி 7.0க்கு ஏறியதும் இது 7.35 ஆனது. 2023 ஏப்ரலில் என்எஸ்சி 7.7 ஆனபோது, அடுத்த ஜூலையில் இது 8.05 ஆனது. அதாவது ஒரே வட்டி உயர்வு, பழைய என்எஸ்சியை ஒரு பைசாகூட அசைக்கவில்லை. மாறும் வட்டிப் பத்திரத்தில் அரையாண்டு வரவு 11,025ல் இருந்து 12,075 ஆகிவிட்டது. ‘வட்டி எவ்வளவு’ என்று ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போட முடியாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த 3 லட்சம் கணக்கில் எப்போதும் 3 லட்சமாகவே நிற்க வேண்டும். இதில் வட்டியைச் சேர்த்துவைக்கும் வகையே கிடையாது. ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் வங்கிக்கு வந்துவிடும். உங்கள் கணக்கில் இது 3.24 லட்சம் என்று இருந்தால், அந்த வட்டியை வங்கி வரவிலும் ஒரு முறை, பத்திரத்திலும் ஒரு முறை எண்ணியிருக்கிறீர்கள் என்று பொருள்.

வரித் தளத்தோடு ஒத்துப்போகாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கும். 2025 ஜூலை 1 வரவைப் பாருங்கள். வங்கி அறிக்கையில் 10,867 அல்லது 10,868 ரூபாய் என்ற அளவில் ஒரு தொகை வந்திருக்கும். நீங்கள் அதையே வட்டி என்று எழுதியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். உண்மையில் வட்டி 12,075. அதில் 10 சதவீதம், அதாவது 1,207.50, டிடிஎஸ்ஸாகப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார்கள். வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை (ஏஐஎஸ்) 12,075 என்று காட்டும், வங்கி 10,867.50 என்று காட்டும், இரண்டும் சரிதான். உங்கள் பதிவு இரண்டையும் இணைக்க வேண்டும். க்னூகேஷில் ‘ஸ்பிளிட்’ பொத்தானை அழுத்தி மூன்று வரியாக எழுதுங்கள்: வருமானம் – மாறும் வட்டிப் பத்திர வட்டி 12,075. வங்கி 10,867.50. மூன்றாவதாக ‘பிடித்த வரி – டிடிஎஸ்’ 1,207.50. இந்த மூன்றாவது கணக்கைச் செலவில் வைக்காமல் சொத்துப் பக்கம் வையுங்கள். அது அரசிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்திருக்கும் அப்பாவின் பணம். ஆண்டு முடிந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, வரியில் கழிந்தது எவ்வளவு, திரும்ப வந்தது எவ்வளவு என்று பார்த்து அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். பூஜ்யமாகாமல் ஏதாவது நின்றால், கேட்காமல் விட்ட வரி அது.

இனி 2019 செப்டம்பர் பத்திரம். உங்கள் பட்டியலில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். காரணம், இது இந்த ஆண்டு செப்டம்பரில் முதிர்கிறது. 2018 ஜனவரி முதல் 2020 மே வரை விற்பனையில் இருந்த 7.75 சதவீதப் பத்திரம் இது. ஏழு ஆண்டுக் காலம். மொத்தமாக வாங்கும் வகையில் 1,000 ரூபாய் 1,703 ரூபாயாகும். அப்பாவுக்கு 2 லட்சம் 3,40,600 ஆகிறது. வட்டி அரையாண்டுக்கு 3.875 சதவீதம் என்று அசலில் சேர்ந்துகொண்டே வரும். செப்டம்பர் 20 அன்று வாங்கியதாக வைத்தால், கடந்த மார்ச் 20 அன்று பதின்மூன்று அரையாண்டு முடிந்து, ஏறத்தாழ 3,27,850 ரூபாயில் நிற்கிறது. மிச்சம் சேர வேண்டியது 12,750.

முதிர்வு நாளில் வங்கிக்கு 3,40,600 வராது. இந்த வகையில் ஏழு ஆண்டு வட்டிக்கும் டிடிஎஸ்ஸை முதிர்வில்தான் பிடிப்பார்கள். 1,40,600 ரூபாய் வட்டிக்கு 10 சதவீதம் 14,060. வங்கியில் விழுவது 3,26,540. உங்கள் கணக்கில் இருந்த 3,27,850ஐவிடக் குறைவு! பார்த்ததும் நட்டம் போலத் தெரியும், பதற வேண்டாம். அன்றைய பதிவு இப்படி: வங்கி 3,26,540 வரவு, டிடிஎஸ் கணக்கு 14,060 வரவு, பத்திரக் கணக்கில் இருந்து 3,27,850 வெளியே, வருமானம் – வட்டி 12,750. இரண்டு பக்கமும் 3,40,600. பத்திரக் கணக்கு பூஜ்யமாகும்.

சிக்கல் பதிவில் இல்லை, ரிட்டர்னில் இருக்கிறது. வரித் தளத்தில் அந்த ஓர் ஆண்டிலேயே 1,40,600 வட்டி வந்ததாகத் தெரியும். அப்பா இதுவரை ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியைக் காட்டி வந்தவரா, அல்லது கைக்கு வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று விட்டவரா? பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் காட்டியிருந்தால், இந்த ஆண்டு காட்ட வேண்டியது 12,750 மட்டுமே. ஆனால் தளத்தில் உள்ள தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் ஏன் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். அப்போது க்னூகேஷில் அந்தப் பத்திரக் கணக்கின் ஏழு ஆண்டுப் பக்கமும், அந்தந்த ஆண்டு ரிட்டர்னும் உங்கள் பதிலாக இருக்கும். கைக்கு வரும்போது காட்டுவது என்ற முறையில் இருந்தவர் என்றால், முழு 1,40,600ம் இந்த ஆண்டு வருமானம். இரண்டு முறையும் சட்டத்தில் உண்டு. ஓர் ஆண்டு அப்படி, ஓர் ஆண்டு இப்படி என்று வசதிப்படி மாற்றிக்கொள்வதுதான் கூடாது. பிடித்த வரிக்கான வரவும், வருமானம் எந்த ஆண்டில் கணக்கில் வந்ததோ அதோடு ஒட்டியது. எனவே 14,060ஐ எப்படிக் கேட்பது என்று, முதிர்வுக்கு முன்பே ரிட்டர்ன் போடும் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஜூலை மாத நெரிசலில் அவரைப் பிடித்து இதைக் கேட்டால் நிதானமான பதில் கிடைக்காது.

பழைய ரிட்டர்ன்களில் என்எஸ்சி வட்டியே இல்லை என்று தெரிந்தால் பயந்து மறைக்க வேண்டாம். கூடுதல் வரி கட்டி, நான்கு ஆண்டுவரை பின்னோக்கிப் போய்ப் புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்ய இப்போது வழி இருக்கிறது.

கிசான் விகாஸ் பத்திரத்துக்கு என்எஸ்சி முறையே போதும். 7.5 சதவீதம், 115 மாதத்தில் இரட்டிப்பு. 2032 டிசம்பரில் 1 லட்சம். இதில் வரிக் கழிவு எதுவும் இல்லை.

தங்கப் பத்திரம்தான் ‘ஸ்டாக்’ வகைக் கணக்குக்குப் பொருத்தமானது. இங்கே அப்பாவிடம் இருப்பது 20 கிராம், ரூபாய் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். 2020 ஆகஸ்ட் வெளியீட்டு விலை கிராம் 5,334. இணையத் தள்ளுபடி இல்லாமல் வங்கிக் கிளையில் வாங்கியிருந்தால் 1,06,680 ரூபாய் கொடுத்திருப்பார். செக்யூரிட்டி எடிட்டரில் ‘தங்கப் பத்திரம் 2028’ என்று ஒன்றைச் சேர்த்து, 20 எண்ணிக்கை, 5,334 விலை என்று எழுதுங்கள். வட்டி 2.5 சதவீதம், அதுவும் வாங்கிய விலைக்குத்தான், இன்றைய தங்க விலைக்கு இல்லை. அரையாண்டுக்கு 1,333.50. பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் நேராக வங்கிக்கு வரும். டிடிஎஸ் கிடையாது, ஆனால் வரி உண்டு. இந்த வட்டி ஒவ்வொரு முறையும் வருமானக் கணக்கில் ஏற வேண்டும். சின்னத் தொகை என்பதால் ஓய்வூதிய வரவுகளுக்கு நடுவே கண்ணில் படாமல் போய்விடும்.

தங்க விலையை ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் 31 அன்று, பிரைஸ் டேட்டாபேஸில் கையால் போட்டால் போதும். முதிர்வில் அரசு தருவது, மும்பையில் உள்ள புல்லியன் வியாபாரிகள் சங்கம் வெளியிடும் 999 சுத்தத் தங்க விலையின் சராசரியை வைத்து. ஆகவே நகைக்கடைப் பலகையில் இருக்கும் 22 காரட் விலையைப் போடாதீர்கள். ஏறிய மதிப்பை வருமானத்தில் எழுதவும் கூடாது. வெளியீட்டின்போதே வாங்கி முதிர்வுவரை வைத்திருக்கும் தனிநபருக்கு, முதிர்வில் வரும் லாபத்துக்கு வரி இல்லை. வரி இல்லாத லாபத்தையும் வரி உள்ள வட்டியையும் ஒரே கணக்கில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. தினமும் விலையைப் பார்த்து அப்பாவிடம் சொல்லாமல் இருப்பதும் நல்லது. 2028 ஆகஸ்ட்வரை வைத்திருக்கப்போகும் பொருளுக்கு அந்தப் பதற்றம் எதற்கு?

சரி, கோப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது? 2019வரை பின்னால் போய் எல்லாப் பதிவையும் திரும்ப எழுத வேண்டாம். 2026 ஏப்ரல் 1 தேதியில் தொடக்க இருப்பு போடுங்கள். டிசம்பர் என்எஸ்சி 65,051.16. ஜூலை என்எஸ்சி 1,15,992.90. கிசான் விகாஸ் பத்திரம் 57,781.25. மாறும் வட்டிப் பத்திரம் 3,00,000. தங்கப் பத்திரம் வாங்கிய விலையில். 2019 பத்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. நான் மேலே சொன்ன காரணத்துக்காக அதை வாங்கிய நாளில் இருந்து அரையாண்டு வாரியாக எழுதிவிடுங்கள். பதின்மூன்று பதிவுதான். பழைய கோப்பை அழிக்காமல் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்குப் பெயர் வைக்கும்போது முதிர்வை முன்னால் வையுங்கள்: ‘2026-09 ரிசர்வ் வங்கி 7.75’, ‘2026-12 என்எஸ்சி 50 ஆயிரம்’, ‘2028-02 மாறும் வட்டி 3 லட்சம்’. பட்டியல் தானாகவே முதிர்வு வரிசையில் நிற்கும். எது முதலில் கைக்கு வரும் என்பது அப்பாவுக்கும் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு கணக்கின் குறிப்புப் பெட்டியிலும் வாங்கிய தேதி, வட்டி வீதம், எந்த அஞ்சலகம் அல்லது வங்கிக் கிளை, நாமினி யார், பாஸ்புக் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை எழுதுங்கள். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். க்னூகேஷ் கோப்புக்குத் தானாகக் கடவுச்சொல் பூட்டு கிடையாது, மடிக்கணினியை எடுப்பவர் யாரும் திறந்து பார்க்கலாம். முழு எண்ணும் பான் எண்ணும் காகிதத்தில் இருக்கட்டும்.

என்எஸ்சி போன்ற நிலையான வட்டிக்கு ‘ஷெட்யூல்டு டிரான்சாக்‌ஷன்’ வசதியில் அடுத்தடுத்த தேதிகளைப் போட்டுவிடலாம். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், தொகைக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு எழுத்தைக் கொடுங்கள். அந்த நாள் வந்ததும் மென்பொருளே ‘எவ்வளவு’ என்று கேட்கும், நீங்கள் பாஸ்புக்கைப் பார்த்துச் சொல்லலாம். மாறும் வட்டிப் பத்திரத்துக்கும் இதே வழி. அங்கே தானாகப் பதிவாக விடவே கூடாது. வட்டி மாறிய அரையாண்டில் பழைய தொகை சத்தமில்லாமல் ஏறிவிடும். ஜூலை 1 வரவுக்கு ஜனவரி 1 அன்று அறிவித்த வட்டி, ஜனவரி 1 வரவுக்கு முந்தைய ஜூலை 1 அன்று அறிவித்த வட்டி என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைய புது வட்டியைப் போட்டு, வரவு ஒத்துப்போகவில்லையே என்று பலர் தவிக்கிறார்கள்.

முதிர்வுக்கு மூன்று மாதம் முன்பே நினைவூட்டல் வரும்படி வையுங்கள். ரிசர்வ் வங்கிப் பத்திரத்துக்கு முதிர்வுத் தேதிக்குப் பிறகு ஒரு பைசா வட்டி கிடையாது. 3,40,600 ரூபாய் எங்கோ சிக்கி ஆறு மாதம் சும்மா கிடந்தால், அந்த ஆறு மாத வட்டி போனது போனதுதான்.

அப்படிச் சிக்குவதற்கு அப்பாவின் விஷயத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பத்திரம் வாங்கியது 2019ல். 2020 ஏப்ரல் 1 அன்று பல அரசு வங்கிகள் இணைந்தன. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கணக்கு எண் மாறாதவர்களுக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியது. பத்திரத்தில் அப்பா கொடுத்த வங்கிக் கணக்கு இவற்றில் ஒன்றாக இருந்தால், முதிர்வுத் தொகை பழைய குறியீட்டுக்குப் போய்த் திரும்பலாம். பத்திரம் வாங்கியபோது கொடுத்த சான்றிதழை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் கணக்கு எண்ணையும் குறியீட்டையும் இப்போதைய காசோலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால், பத்திரம் வாங்கிய அதே வங்கிக் கிளையில் ரத்து செய்த காசோலை ஒன்றை இணைத்து மாற்றக் கடிதம் கொடுக்க வேண்டும். அப்பாவின் கையெழுத்தும் வேண்டும். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையெழுத்து மாறியிருந்தால் அதையும் அதே நாளில் கிளையில் புதுப்பித்துவிடுங்கள். நீங்கள் மட்டும் போனால் இது நடக்காது. பள்ளி விடுமுறை முடிவதற்குள் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.